கடைசியாகப் படித்த பள்ளி

சேர்க்கைப் படிவத்தில் அது நாலாவது வரி. பெயர், பிறந்த தேதி, முகவரி மூன்றையும் கடகடவென்று எழுதிவிட்டான். நாலாவதுக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. ‘கடைசியாகப் படித்த பள்ளி.’ சுவரோர நாற்காலியில் அவன் பாட்டி, கைப்பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். நான் அவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்தான். அப்புறம் தலையைத் திருப்பாமல், உதடு மட்டும் அசைய, “மிஸ், இதுல என்ன எழுதறது?” என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. குற்றம் சாட்டப்பட்ட சிறார்களை அடைத்து வைக்கிற ஜுவனைல் ஹாலுக்குள் நடக்கிற பள்ளிக்கும் ஒரு பெயர் உண்டு. கேட்டால் ஏதோ சாதாரண உயர்நிலைப் பள்ளி மாதிரிதான் இருக்கும். ஆனால் இந்தப் பக்கத்துப் பள்ளி அலுவலகங்களில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் அது எந்தப் பள்ளி என்று தெரியும். பத்து மாதம் அவன் அங்கேதான் படித்தான். எழுதினால் உண்மை. எழுதிய நிமிஷத்திலிருந்து, கவுன்ட்டருக்குப் பின்னால் இருக்கிறவர்களுக்கு அவன் வேறு ஆள்.

வரியைக் காலியாக விட்டே நீட்டினான். வாங்கியவர் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தார். அந்த இடத்தில் அவர் கண் நின்றது. நிமிர்ந்து பாட்டியைப் பார்த்தார், குனிந்து அவன் கணுக்காலைப் பார்த்தார். “டிரான்ஸ்கிரிப்ட் வரட்டும், அடுத்த திங்கட்கிழமை வாங்க” என்றார். நாங்கள் போனதே இரண்டாவது திங்கட்கிழமை. குரலில் வெறுப்போ கோபமோ துளிகூட இல்லை. ஒரு மருந்துக் கடையில் ‘அந்த மாத்திரை ஸ்டாக் இல்லை’ என்று சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். இது நடந்தது 2023 ஜனவரியில். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குக் கிழக்கே ஓர் ஊர் என்பதோடு விட்டுவிடுகிறேன். பையனுக்கு அப்போது 16 வயது, அவனை யாரும் அடையாளம் கண்டுகொள்ளும்படி நான் எழுதக் கூடாது. ஆனால் அந்தக் காலி வரி இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

நூலகத்தில் வாரம் இரண்டு மாலை கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போய்த்தான் அவனைத் தெரியும். முதல் நாளே ஒரு விஷயத்தைக் கவனித்தேன். மேஜைகள் எத்தனையோ காலியாக இருக்க, சுவரில் மின்சாரப் பிளக் இருக்கிற மூலை மேஜையில்தான் உட்காருவான். காலில் கட்டியிருந்த ஜி.பி.எஸ். கருவிக்குத் தினமும் இரண்டு மணி நேரம் சார்ஜ் ஏற்ற வேண்டும். கருவியைக் கழற்ற முடியாது, அதனால் ஆளையே சுவரோடு இணைத்துத்தான் சார்ஜ் ஏற்றணும். சார்ஜ் தீர்ந்தால் அது கீச்சிடும். அப்படியும் ஏற்றாவிட்டால் அவனைக் கண்காணிக்கிற புரொபேஷன் அதிகாரிக்குத் தகவல் போகும், திரும்ப உள்ளே போகவேண்டி வரலாம். இருபடிச் சமன்பாடு போட்டுக்கொண்டிருப்பான், நடுவில் கை தன்னால் கீழே போய் ஒயர் கழன்றிருக்கிறதா என்று தடவிப் பார்க்கும். ஜனவரிக் குளிரில் தொளதொளவென்று ஒரு ஸ்வெட்பேன்ட், அதன் அடியில் தீப்பெட்டிக் கட்டு அளவுக்கு ஒரு புடைப்பு. பாஸ்கட்பால் நன்றாக ஆடுவான் என்று பாட்டி சொன்னார். உடற்பயிற்சி வகுப்புக்கு ஷார்ட்ஸ் போட வேண்டுமா என்பதுதான் பள்ளியைப் பற்றி அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. கணக்கைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

அந்த வருஷம் நவராத்திரிக்கு ஃப்ரீமான்ட்டில் ஒரு கொலுவுக்குப் போயிருந்தேன். இப்படிப்பட்ட பையன்களுக்கு நூலகத்தில் பாடம் எடுக்கிறேன் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னபோது, எனக்கு வேண்டிய பெண் ஒருத்தி உண்மையான அக்கறையோடு கேட்டாள்: “அக்கா, அந்தப் பசங்க ஏதோ பெரிய தப்புப் பண்ணித்தானே உள்ள போனாங்க? நம்ம பிள்ளைங்களுக்கே நேரம் பத்தல.” அன்றைக்கு நான் சிரித்துப் பேச்சை மாற்றிவிட்டேன். இங்கே நம்மில் பலர் வீடு தேடும்போது முதலில் பார்ப்பது அந்த வட்டாரப் பள்ளிக்கு இணையத்தில் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்பதைத்தான். நானும் அப்படித்தான் வாங்கினேன். அதன் மறுபக்கம் என்ன என்று யோசித்ததே இல்லை. மூன்றும் நாலும் வாங்குகிற பள்ளிகள் எங்கள் வீட்டிலிருந்து கார் ஏறினால் அரை மணி நேரத்தில் இருக்கின்றன. அங்கே போகிற பிள்ளைகளின் முகம் எனக்குத் தெரியாமலே பத்து வருஷம் இந்த ஊரில் வாழ்ந்திருக்கிறேன்.

அவள் கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அவன் என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, கேட்க எனக்கு உரிமையும் இல்லை. ஒரு நீதிபதி கேட்டார், பத்து மாதம் என்றார், பத்து மாதம் இருந்துவிட்டு வந்துவிட்டான். அதற்கு மேல் ஒரு திங்கட்கிழமைகூடத் தண்டனை கொடுக்கும் அதிகாரம் பள்ளிக் கவுன்ட்டருக்குக் கிடையாது.

பாட்டி சொன்னது

அன்றைக்கு வெளியே வந்ததும் அவன் போய்க் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து ஹூடியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். பாட்டி காரில் ஏறவில்லை. பார்க்கிங்கில் நின்றபடி அந்தக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதே கவுன்ட்டர்தான்” என்றார். “இவன் அப்பனை இதே இடத்துக்கு நான் கூட்டிட்டு வந்திருக்கேன். 1996. அப்பவும் திங்கட்கிழமை வரச் சொன்னாங்க. மூணாவது திங்கட்கிழமை அவன் வரமாட்டேன்னுட்டான்.”

1996 என்று அவர் சொன்ன நேரத்தில் நாடு எந்த மனநிலையில் இருந்தது என்பதை நான் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அதற்கு முந்தைய வருஷம்தான் ஜான் டிலூலியோ என்ற அரசியல் அறிவியல் பேராசிரியர் ‘சூப்பர் பிரிடேட்டர்’ (கொடிய வேட்டை விலங்கு) என்ற சொல்லை உருவாக்கியிருந்தார். இரக்கமே இல்லாத ஒரு சிறார் தலைமுறை கிளம்பி வருகிறது என்று பயமுறுத்தினார். அந்த வார்த்தை கருப்பினப் பையன்களைத்தான் சுட்டியது என்பது எல்லோருக்கும் புரிந்தே இருந்தது. அப்படி ஒரு தலைமுறை வரவே இல்லை, சிறார் குற்றம் குறைந்துகொண்டே போனது, தான் கணித்தது தவறு என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆனால் சட்டங்கள் வந்துவிட்டன. கலிஃபோர்னியாவில் 2000-ல் வாக்கெடுப்பில் நிறைவேறிய ‘பிரபொசிஷன் 21’ என்ற சட்டம், 14 வயதுப் பையனைப் பெரியவர்களுக்கான நீதிமன்றத்துக்கு இழுத்துப் போகும் அதிகாரத்தை அரசு வழக்கறிஞர் கையில் கொடுத்தது. அதை நீதிபதியிடம் திருப்பிக் கொடுக்க 2016 வரை ஆயிற்று. நாடு முழுக்க ஏதோ ஒரு நாளில் எண்ணிப் பார்த்தால் 2000-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிறார்கள் பூட்டுக்குள் இருந்தார்கள். 2020-ல் அது சுமார் 25,000. பெரிய மாற்றம்தான். ஆனால் வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் கருப்பினப் பிள்ளைகள் உள்ளே போகும் வாய்ப்பு நாலு மடங்குக்கும் மேல் என்பது அப்படியே நிற்கிறது.

பாட்டிக்கு இந்தப் புள்ளிவிவரம் எதுவும் தேவையில்லை, எல்லாம் அவர் வீட்டிலேயே நடந்தது. சின்ன வயதில் ஓக்லண்டில் வளர்ந்தவர். 1969-ல், கருப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சிக்காரர்கள் ஒரு தேவாலயத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் காலை உணவு போடத் தொடங்கினார்களே, அதைச் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனவர்களில் ஒருவர். “தட்டை வாங்கறதுக்கு முன்னாடி பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க” என்று ஒருமுறை சொன்னார். என்ன சாப்பிட்டார் என்பதை மறந்துவிட்டார், பெயர் சொல்லிக் கூப்பிட்டது மட்டும் நினைவிருந்தது. அது ஏன் நினைவிருந்தது என்று எனக்குப் புரிய இன்னும் இரண்டு வாரம் ஆயிற்று.

சட்டம் சரியாகத்தான் இருக்கிறது

வீட்டுக்கு வந்து ராத்திரி ஒரு மணி வரை சட்டங்களைத் தேடிப் படித்தேன். ஆச்சரியமாக இருந்தது. அந்தக் கவுன்ட்டரில் சொன்னதற்கு எந்த ஆதாரமும் இல்லை. சிறார் நீதிமன்றத்தோடு தொடர்பு இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மாணவனைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று கலிஃபோர்னியா 2014-லேயே சட்டம் போட்டிருக்கிறது. தாள்கள் வரும்வரை காக்க வைக்காமல் உடனே சேர்க்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். உள்ளே படித்த பாடங்களுக்கு அரைகுறையாகக் கிடைத்த கிரெடிட்டையும் (பாடம் முடித்ததற்கான புள்ளி) வெளியே இருக்கிற பள்ளி ஏற்றுக்கொள்ள வேண்டும். 2015-ல் வந்த மத்தியச் சட்டமும் உள்ளேயிருந்து வெளியே வருகிறவர்களின் படிப்புக்கும் கிரெடிட்டுக்கும் மாநிலங்கள் வழி செய்ய வேண்டும் என்கிறது. இதெல்லாவற்றையும்விட முக்கியமானது 2016-ல் வந்த ஒரு திருத்தம். எங்கள் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றில் பட்டயம், அதாவது பள்ளிப் படிப்பை முடித்த சான்றிதழ், வாங்க 220, 230 கிரெடிட் வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்த பிறகு ஜுவனைல் ஹால் பள்ளியிலிருந்து மாறி வருகிற பையனால் அதை நேரத்தில் முடிக்க முடியாது என்றால், மாநிலம் கேட்கிற குறைந்தபட்சப் பாடங்களை மட்டும் முடித்து, அதாவது சுமார் 130 கிரெடிட்டோடு, அவன் பட்டயம் வாங்கலாம். இதைப் பள்ளி அவனுக்குச் சொல்லியாகவும் வேண்டும். யாரும் சொல்லவில்லை. அவன் மனக்கணக்கில் ஐந்து வருஷம் பாக்கி இருந்தது. சட்டத்தின் கணக்கில் ஒன்றரை வருஷம். அந்த வித்தியாசம் தெரியாமலே எத்தனை பேர் படிப்பை விட்டிருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அந்தத் தாள்களை அச்செடுத்துக்கொண்டு மூன்றாவது திங்கட்கிழமை போய் வாதாடலாம் என்றுதான் இருந்தேன். போனில் பாட்டியிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீங்க ஜெயிச்சிடுவீங்க மேம். அதுக்கப்புறம் அவன் உள்ளே போய் யார் பக்கத்துல உக்காருவான்?” என்றார்.

அந்தக் கேள்வியோடுதான் நான் அந்த வாரம் முழுக்கச் சுற்றினேன். ஏனென்றால் அதுவரை எனக்குள் ஓர் எரிச்சலும் இருந்தது. பாட்டி இவ்வளவு பாடுபடுகிறார், நான் இவ்வளவு தூரம் வருகிறேன், இவன் ஏன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்க மாட்டேன் என்கிறான் என்று. பள்ளிக்கு ‘திரும்பிப் போவது’ என்றுதான் நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது அவன் எட்டாம் வகுப்பு. ஒன்பதாம் வகுப்பு முழுக்க வீட்டில், திரையில். பத்தாம் வகுப்பில் நாலைந்து மாதம் அந்தக் கட்டடத்துக்குள் நடந்திருக்கிறான், அதற்குள் கைது. திரும்பிப் போவதற்கு அவனுக்கு அங்கே எதுவுமே இருந்ததில்லை. நான் எரிச்சல்பட்ட நாட்களுக்காக வருந்துகிறேன், அவனிடம் பின்னர் அதைச் சொல்லவும் செய்தேன்.

ஒரு பக்கக் கடிதம்

பாட்டியின் கேள்விக்கு விடை தேடியபோது ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. எங்கோ தொலைவில் நடந்ததில்லை, ஓக்லண்டிலேயே நடந்தது. ஸ்டான்ஃபோர்டின் கிரெகரி வால்டனும் பெர்க்லியின் ஜேசன் ஒகோனோஃபுவாவும் மற்றவர்களோடு சேர்ந்து 2021-ல் வெளியிட்டார்கள். ஜுவனைல் ஹாலிலிருந்து பள்ளிக்கு வருகிற பிள்ளைகளிடம், பள்ளியில் உனக்கு யார் முக்கியம், அவர் உன்னைப் பற்றி என்ன தெரிந்துகொள்ளணும் என்று கேட்டு, அதை ஒரே ஒரு பக்கக் கடிதமாக அந்த ஆசிரியரிடம் சேர்த்தார்கள். இவனுக்கு உங்கள் உதவி வேண்டும் என்ற வேண்டுகோளும் அதில் இருந்தது. அவ்வளவுதான் வேலை. கடிதம் சேராத பிள்ளைகளில் 69 சதவீதம் பேர் அடுத்த அரையாண்டு முடிவதற்குள் திரும்ப உள்ளே போனார்கள். கடிதம் சேர்ந்தவர்களில் 29 சதவீதம். மொத்தம் 47 பிள்ளைகள்தான், சின்ன ஆய்வு, இதை வைத்து உலகத்தையே மாற்றிவிடலாம் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் படித்ததும் பாட்டியின் காலை உணவுத் தட்டு நினைவுக்கு வந்தது.

வியாழக்கிழமை நூலகத்தில் கணக்கை மூடி வைத்துவிட்டு அவனிடம் கேட்டேன். “அந்த ஸ்கூல்ல உன்னைத் தெரிஞ்சிருக்கணும்னு நீ நினைக்கிற ஒருத்தர் யாரு?”

“யாரும் இல்ல மிஸ்.”

நான் எழுந்து போகவில்லை, வேறு பேச்சும் எடுக்கவில்லை. அவனும் ஒயரைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பத்து நிமிஷம் இருக்கும். அப்புறம் சொன்னான். ஒன்பதாம் வகுப்பில் ஜூமில் உயிரியல் எடுத்த டீச்சர். அவரை நேரில் பார்த்ததே இல்லை, பத்தாம் வகுப்பில் வேறு கட்டடம். வீட்டில் ஒரே அறையில் நாலு பிள்ளைகள் நாலு வகுப்பில் உட்கார்ந்திருந்ததால் இவன் கேமராவைப் போட்டதே இல்லை. பெயர் மட்டும் தெரிகிற ஒரு கட்டம். வகுப்பு முடியும்போது அந்த டீச்சர் ஒவ்வொருவர் பெயரையும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து, இன்றைக்கு வந்ததற்கு நன்றி என்று அனுப்புவாராம். “ஒரு நாள்கூட என் பேரை விட்டதில்ல.”

கடிதம் எழுத இரண்டு மாலை பிடித்தது. நான் ஒரு எழுத்தும் திருத்தவில்லை. அவன் அனுமதி கொடுத்ததால் இரண்டு வரியை மட்டும் இங்கே தமிழில் சொல்கிறேன்: ‘நான் எங்கே இருந்தேன் என்று உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட நினைக்கிறேன்.’ மின்னஞ்சலில் அனுப்பினோம். சனிக்கிழமை பதில் இல்லை. ஞாயிறும் இல்லை.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு மூன்று பேரும் மறுபடி அந்த அலுவலகத்துக்குள் போனோம். என் கையில் சட்டத் தாள்கள். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம், பாட்டி வழக்கமாக உட்காருகிற நாற்காலியில், கழுத்தில் சாவிக்கொத்தோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். அவனை மேலும் கீழும் பார்த்தார். கணுக்காலில் அவர் கண் நிற்கவே இல்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்புறம், “நீ இவ்வளவு உயரம்னு எனக்குத் தெரியாமலே போச்சே” என்றார்.

அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. டீச்சர் கவுன்ட்டரிலிருந்து படிவத்தை வாங்கி அவன் முன்னால் வைத்து, “முதல் பீரியட் என்னோடது, எட்டரைக்கு. சீக்கிரம் எழுது” என்றார். நாலாவது வரி இன்னும் காலியாக இருந்தது. அவன் அந்த இடத்தில் ஜுவனைல் ஹால் பள்ளியின் பெயரைச் சின்ன எழுத்தில், ஒரு எழுத்தும் பிசகாமல் எழுதினான். சட்டத் தாள்களை நான் யாரிடமும் நீட்டவே இல்லை. கிரெடிட் கணக்குக்கு அவை அப்புறம் தேவைப்பட்டன, அந்த டீச்சரே என்னோடு வந்து உட்கார்ந்து பேசினார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். மார்ச்சில் ஓர் இரவு மின்சாரம் போய்க் கருவிக்குச் சார்ஜ் ஏற்றாமல், இரண்டு ராத்திரி ஹாலில் வைத்திருந்தார்கள். இரண்டு பாடத்தில் தேறவில்லை. வாடகை ஏறியதால் அடுத்த வருஷம் குடும்பமே வேறு கவுண்டிக்கு (மாவட்டத்துக்கு) போயிற்று, அங்கே கிரெடிட் கதை முதலிலிருந்து. 2024 கோடையில் பட்டயத்தோடு ஒரு போட்டோ அனுப்பினான், நான் அலுவலகக் கழிவறையில் போய் அழுதேன். ஆனால் பள்ளி, கல்லூரி என்று சேர்ந்துவிட்டால் போதும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கலீஃப் பிரவுடர் நினைவு வந்துவிடும். ஒரு முதுகுப்பையைத் திருடியதாகக் குற்றம்சாட்டி 2010-ல் 16 வயதில் பிடித்தார்கள். விசாரணையே இல்லாமல் நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் மூன்று வருஷம், அதில் ஏறக்குறைய இரண்டு வருஷம் தனிமைச் சிறை. வழக்கையே கைவிட்டு வெளியே அனுப்பினார்கள். பள்ளிப் படிப்பை முடித்ததற்குச் சமமான தேர்வை எழுதி, பிராங்க்ஸ் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்து நன்றாகப் படித்துக்கொண்டும் இருந்தார். 2015 ஜூனில், 22 வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். உள்ளே போன காலம் வெளியே வந்த பிறகும் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. சிகாகோவில் பத்து வருஷ வழக்குகளைப் பார்த்த பொருளாதார அறிஞர்கள் அன்னா ஐசரும் ஜோசப் டாயிலும், ஒரே மாதிரி வழக்கில் உள்ளே அனுப்பப்பட்ட பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு சுமார் 13 சதவீதப் புள்ளி குறைகிறது என்று கண்டார்கள். அனுப்பாமல் இருப்பதுதான் முதல் உதவி. அதற்கு என்னால் ஆனது ஓட்டுப் போடுவதும் கூட்டங்களுக்குப் போவதும். அனுப்பிவிட்ட பிறகு என்ன செய்வது என்பதுதான் என் செவ்வாய், வியாழன்.

ஓக்லண்ட் பள்ளி மாவட்டம் 2010-ல், நாட்டிலேயே முதலாவதாக, கருப்பின ஆண் பிள்ளைகளுக்கென்றே ஒரு துறை தொடங்கியது. பெரும்பாலும் கருப்பின ஆண்களே ஆசிரியர்களாக இருந்து, பள்ளி நேரத்திலேயே, தனி வகுப்பாக எடுக்கிறார்கள். அந்த வகுப்பு கிடைத்த பள்ளிகளில் கருப்பின ஆண் பிள்ளைகள் படிப்பை விடுவது 43 சதவீதம் குறைந்ததாக 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. அங்கே அந்த ஒருவரை அதிர்ஷ்டத்துக்கு விடவில்லை, சம்பளம் கொடுத்து, கால அட்டவணையில் இடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். எங்கள் பையனுக்கு ஜூமில் ஒரு நல்ல மனுஷி வாய்த்தார். வாய்க்காதவனுக்கு?

போன செவ்வாய்க்கிழமை புதிதாக ஒரு பையன் வந்தான். 15 வயது, ஹாலிலிருந்து வந்து ஒன்பது நாள். உள்ளே நுழைந்ததும் மேஜைகளைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தான். பிளக் இருக்கிற மூலையை நானே காட்டினேன். புத்தகத்தைத் திறக்காமல் அந்தக் கேள்வியை முதலில் கேட்டேன். யாரும் இல்லை என்றான். காத்திருந்தேன். அரை மணி நேரத்துக்கு அப்புறமும் யாரும் இல்லை என்றான், யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னான். சரி, கடிதத்தையாவது எழுதி வைப்போம் என்று ஒரு தாளைக் கொடுத்தேன். ‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டு, பெயருக்கு இடம் விட்டு, அடுத்த வரிக்குப் போனான்.